மனப்பாடம் செய்த கையசைவுகள் போதும்

கதை சொல்லும் போட்டிக்கு நானும் போயிருக்கிறேன். ஐந்தாம் ஆண்டில், மாவட்ட அளவில். கதை என்னுடையதன்று, ஆசிரியர் எழுதித் தந்தது. "ஒரு ஊரிலே" என்றால் வலது கை நீள வேண்டும். "ராஜா" என்றால் மீசையை முறுக்க வேண்டும். மூன்று வாரம் பயிற்சி. மேடையில் கை மீசைக்குப் போய்விட்டது, சொல் வரவில்லை. இல்லாத மீசையை முறுக்கியபடியே நின்றேன். சிரித்தார்கள். அதற்குப் பிறகு எஸ்.பி.எம். முடியும்வரை நான் எந்த மேடையிலும் ஏறவில்லை.

இன்று கோல சிலாங்கூர் மாவட்டத்தில் ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் வேலை இப்போது என்னுடையது. வேடிக்கைதான். இதை வாசிக்கும் இடைநிலைப்பள்ளி மாணவர்களில் பலரும் இப்படி ஒரு மேடையைக் கடந்து வந்தவர்களாகவே இருப்பீர்கள். ஆகவே கேட்கிறேன்: நாம் சொன்ன அந்தக் கதைகளில் ஒரு வாக்கியமாவது நம்முடையதாக இருந்ததா?

போட்டிகளே கூடாது என்பது என் வாதமன்று. நாலாம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நாடகம் என்றால் போட்டி, வாசிப்பு என்றால் பதிவேடு, ஓவியம் என்றால் சுதந்திர தின வண்ணம் தீட்டுதல் என்று சுருங்கிவிட்டதே, அதைத்தான் சொல்கிறேன். 1988-இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. பிள்ளைகளுக்கு இனி மூச்சுவிட நேரம் கிடைக்கும் என்று நம்பினேன். தேர்வு போய்விட்டது, பயிற்சித் தாள்கள் மட்டும் போகவில்லை.

வகுப்பறை நாடகம் என்று நான் சொல்வது வேறு. அதில் மேடை கிடையாது, பார்வையாளர் கிடையாது, எழுதிய வசனமும் கிடையாது. அமெரிக்காவின் எவன்ஸ்டன் நகரப் பள்ளிகளில் இதைச் செய்து பார்த்த வினிஃப்ரெட் வார்ட், 1930-இல் இதற்காகவே ஒரு நூல் எழுதினார். இங்கிலாந்தின் டோரதி ஹீத்கோட் இன்னும் ஒரு படி மேலே போனார். ஆசிரியரும் ஒரு பாத்திரமாகி வகுப்புக்குள் இறங்க வேண்டும் என்றார் அவர். இவருடைய வாழ்க்கை நம் தோட்டத்துக் கதை போலவே இருக்கும். பதினான்கு வயதில் கம்பளி ஆலையில் வேலைக்குப் போனவர். பிறகு நாடகப் பள்ளியில் படித்து, 1950-இல் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஆனார். தமிழில் தேடினால் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் இருந்தார். அவரும் ஆசிரியர்தான். 1978-இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியவர், சிறுவர்களுக்கென்றே நாடகங்கள் எழுதியவர். ஆக, இது யாரோ புதிதாகக் கண்டுபிடித்த விஷயமன்று.

என் முதல் முயற்சி படுதோல்வி. "எல்லாரும் மரமாக மாறுங்கள்" என்றேன். பாதிப் பேர் மரமானார்கள், மீதிப் பேர் மரம் வெட்டுபவர்கள் ஆனார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். திட்டியிருந்தாலும் தேவலை.

இரண்டாம் முறை எங்கள் ஊர் விஷயத்தையே எடுத்தேன். கம்போங் குவாந்தானில் மின்மினிகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் அவை கூட்டமாக அமர்ந்து ஒரே தாளத்தில் மின்னும். என் வகுப்பில் இருந்த ஒன்பது பேரில் இரண்டு பேர்தான் அதை நேரில் பார்த்திருந்தார்கள். மின்மினியின் புழுப் பருவம் ஆற்றங்கரைச் சேற்றில் நத்தைகளைத் தின்று வளர்கிறது, வளர்ந்தபின் மரத்துக்கு வருகிறது, ஆகவே மரம் மட்டும் இருந்தால் போதாது, கரையும் வேண்டும் என்று முதலில் வாசித்தோம். அரைப் பக்கம்தான். பிறகு நான் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு, "நான் இந்தக் கரையை வாங்கியிருக்கும் முதலாளி. நாளை மரங்களை வெட்டிச் செம்பனை போடப்போகிறேன். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்றேன்.

ஒரு சிறுமி மின்மினியானாள். ஒருத்தி உணவுக்கடைக்காரி. ஒருவன் நத்தை. (மின்மினிக்கு ஆதரவாக நத்தை ஏன் பேச வேண்டும் என்று அவனே கேட்டுவிட்டு, முதலாளி பக்கம் சேர்ந்துகொண்டான். அந்தக் கேள்வியை எந்தப் பயிற்சித் தாளிலும் நான் பார்த்ததில்லை.) கடைசி வரிசையில் ஒரு பையன். வகுப்பில் வாயே திறக்காதவன். பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பான், அவ்வளவுதான். அவன் சம்பான்காரன் பாத்திரத்தை எடுத்தான். முறை வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து துடுப்புப் போட்டபடியே என்னைப் பார்த்துச் சொன்னான்: "ஜாங்ஙான் தெபாங், துவான்." வெட்டாதீர்கள், ஐயா. அதன் பிறகு நிறுத்தவில்லை. இரவில் ஆள் வராவிட்டால் தன் பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்குப் போகும் என்று மலாயிலேயே கேட்டான். சம்பான்காரர் மலாய்க்காரர்தானே, அவர் தமிழிலா பேசுவார்? அவனுக்கு அது தெரிந்திருந்தது. மலாய்மொழிப் பாடத்தில் அவனுடைய அடைவுநிலையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

தமிழ்ப்பள்ளியிலிருந்து நேராக இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு முதல் படிவத்தில் என்ன நடக்கிறது என்பது இந்தப் பக்கத்தை வாசிப்போருக்குத் தெரியும். மலாயில் குறைந்தபட்ச அடைவு இல்லாதவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டும். அடைவு இருந்தும் நாற்பது பேர் உள்ள வகுப்பில் கை தூக்கப் பயந்து, "தெரியாது" என்பதுபோல் இருந்துவிடும் பிள்ளைகள் எத்தனை! நானும் அப்படி இருந்தவன்தான். அங்கே நமக்குக் குறைந்தது சொற்கள் மட்டுமல்ல. யாரும் எழுதித் தராமல் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பழகியிருக்கவில்லை.

நாடகம் ஒன்றே இதைச் சரிசெய்துவிடும் என்று சொன்னால் பொய். அடுத்த வாரமே அந்தப் பையன் பழையபடி அமைதியாகிவிட்டான். ஒரு மாதம் கழித்துத்தான் மறுபடி வாய் திறந்தான், அதுவும் இன்னொரு நாடகத்தில்.

அந்த நாடகம் பெரட்டு. இன்றைய பிள்ளைகளில் பலருக்கு அந்தச் சொல்லே தெரியாது. விடியுமுன் வெளிக்காட்டு ஆட்கள் வரிசையில் நிற்க, கங்காணி பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டம். வீட்டில் பாட்டி தாத்தாவைக் கேட்டு வரச் சொன்னேன். உளி, மங்கு, காண்டா, ஆயாக் கொட்டகை என்று நோட்டுப் புத்தகம் நிறையச் சொற்கள் வந்தன. அவற்றை வரைந்தார்கள். அட்டையில் மங்கு செய்தார்கள். பிள்ளையை அழைத்துப்போக வந்த ஒரு பாட்டி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கங்காணி இப்படிச் சிரிச்சிக்கிட்டா நிப்பாரு? இடுப்புல கை வைடா" என்று திருத்தினார். அன்றைக்கு நான் கற்பித்ததைவிட அவர் கற்பித்தது அதிகம். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் போய்த் தாமான்கள் வந்த இந்த வட்டாரத்தில், பெஸ்தாரி ஜெயாவிலும் ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும், அந்தச் சொற்களை வாயால் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள்.

வாசிப்புக்கும் இதே நோய்தான். நீலம் திட்டத்தின் நோக்கம் நல்லது. ஆனால் எத்தனை புத்தகம் என்ற எண்ணிக்கை மட்டும் மிஞ்சும்போது, பிள்ளை பின்னட்டைச் சுருக்கத்தைப் பார்த்து எழுதிவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போகிறது. என் வகுப்பில் இப்போது வாரம் ஒரே கதை. நான் சத்தமாக வாசிப்பேன், நடுவில் புத்தகத்தை மூடிவிடுவேன். "இப்போது அவள் கதவைத் திறப்பாளா?" என்று கேட்டால் இரண்டு கட்சி உண்டாகிவிடும். மூடிய புத்தகத்தை யார் முதலில் எடுத்துப்போவது என்று சண்டையும் வரும். அந்தச் சண்டையை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

பெற்றோர் ஒருவர் கேட்டார்: "சார், இதுக்கு மார்க் உண்டா?" நியாயமான கேள்வி. பள்ளிக்கு அனுப்ப முப்பது ரிங்கிட் பேருந்துக் காசைக் கணக்குப் பார்க்கிறவர் அவர். வகுப்பறை மதிப்பீட்டில் கேட்டலும் பேச்சும் ஒரு பகுதி, இதையே அதற்குச் சான்றாக வைக்கலாம் என்று விளக்கினேன். அவர் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. அவருடைய மகள்தான் அன்று மின்மினி.

சக ஆசிரியர்கள் சொல்லும் தடை நேரம். அரை மணி நேரப் பாடவேளை, நூற்றெட்டுக் கோப்புகள். அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளி என்று நாம் வருந்தும் அதே இடத்தில்தான் இது மிகச் சுலபம். ஒன்பது பேர் என்றால் எல்லாருக்கும் முறை வரும். நாற்பது பேர் வகுப்பில் அது வராது.

இனி உங்களிடம். நான்காம், ஐந்தாம் படிவத்தில் இருப்பவர்களே, தஞ்சோங் மாலிமிலோ வேறெங்கோ கல்வியியல் படிப்பவர்களே, உங்கள் பழைய தமிழ்ப்பள்ளிக்கு நீங்கள் போவது பெரும்பாலும் விளையாட்டுப் போட்டி நாளில் அல்லது பரிசளிப்பு விழாவில். ஒரு சனிக்கிழமை காலை போய்ப் பாருங்கள். முதலில் தலைமையாசிரியரிடம் அனுமதி கேளுங்கள். ஒரு பழைய துண்டு, ஒரு கதைப் புத்தகம், பத்துப் பிள்ளைகள் போதும். ஒலிவாங்கி வேண்டாம், அது வந்தால் பிள்ளைகள் உடனே "அவைக்கு வணக்கம்" என்று தொடங்கிவிடுவார்கள். காணொளி எடுத்துப் புலனத்தில் போடாதீர்கள், கூச்சமுள்ள பிள்ளை அடுத்த வாரம் வராது. "மரமாக மாறுங்கள்" என்று மட்டும் தயவுசெய்து தொடங்காதீர்கள்.

எங்கள் வகுப்பில் ஆற்றங்கரை வழக்கு இன்னும் முடியவில்லை. நத்தை கட்சி மாறிவிட்டது. முதலாளி மரத்தை வெட்டினாரா இல்லையா என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்கிறார்கள். தொப்பியை இந்த வாரம் அந்த உணவுக்கடைக்காரியிடம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.