யானைப் பையன்

மங்கலத்தில் விசைத்தறி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சென்ற ஞாயிற்றுக்கிழமை என்னை மடக்கினார். "ஏனுங்க, அமெரிக்காக்காரனுக்கு நம்ம பக்கத்திலிருந்து கப்பல் கப்பலாகப் பனியன் போகிறதே, ஹாலிவுட்டுக்கு நம்ம ஆள் யாராவது போயிருக்கிறார்களா?" என்று கேட்டார்.

நாம் அனுப்பவில்லை, அவர்களே வந்து அழைத்துப் போனார்கள். நீலகிரிக்கு அப்பால், மைசூர் ராஜ்யத்தைச் சேர்ந்த காரப்பூரில் 1924-ஆம் வருஷம் பிறந்த சாபு என்னும் பையனைத்தான் சொல்லுகிறேன். தகப்பனார் யானைப் பாகன். அவர் காலமான பிறகு மகாராஜாவின் யானைக் கொட்டாரமே பையனுக்குக் கதியாயிற்று. கிப்ளிங்கின் கதையொன்றைப் படம் பிடிக்க வந்த ராபர்ட் பிளாஹெர்ட்டியின் கோஷ்டியார் கண்ணில் அங்கே அவன் பட்டான். 1937-ல் 'எலிபண்ட் பாய்' வெளிவந்தது. யானைமேல் அவன் உட்கார்ந்திருந்த இயல்பைக் கண்டு சீமையே சொக்கிப் போயிற்று.

அடுத்த வருஷம் வந்த 'தி டிரம்' வேறு மாதிரி. எல்லைப்புறத்தில் வெள்ளைக்காரத் துருப்புகளுக்கு உதவும் இளவரசன் வேஷம் அவனுக்கு. அந்தப் படத்தை எதிர்த்துப் பம்பாயில் ஜனங்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் துணியை வெட்டியவர்கள் வேறு; போட்டுக்கொண்டு நின்றவன் பதினாலு வயதுப் பிள்ளை.

யுத்தம் மூளவே, லண்டனில் தொடங்கிய 'பாக்தாத் திருடன்' (1940) ஹாலிவுட்டில் முடிந்தது. சாபுவும் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். 1942-ல் 'ஜங்கிள் புக்' படத்தில் மௌக்லியாகத் தோன்றினார். 1944-ல் அமெரிக்கப் பிரஜையானார். இந்தியருக்குப் பிரஜா உரிமை தரும் பொதுச் சட்டம் அந்நாட்டில் பிறந்ததே 1946-ல்தான் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பிறகு ஆகாய சேனையில் சேர்ந்து, குண்டு வீசும் விமானத்தின் வால்புறத்துப் பீரங்கியில் உட்கார்ந்து, பசிபிக் யுத்தத்தில் பறந்தார். தைரியத்துக்கான பதக்கமும் பெற்றார்.

வீரர் திரும்பி வந்தபோது ஹாலிவுட்டில் அவருக்குக் காத்திருந்தது என்ன? அதே தலைப்பாகை, அதே காடு, அதே யானை! வயதோ ஏறிவிட்டது. 1947-ல் வந்த 'பிளாக் நார்சிசஸ்' போன்ற ஒன்றிரண்டைத் தவிர, வந்தவை பெரும்பாலும் சில்லறைப் படங்கள். 1952-ல் லண்டனில் சர்க்கஸ் கூடாரத்தில் யானைகளோடு வித்தை காட்டினார்.

தாய்நாட்டுப் படம் ஒன்றிலேனும் நடித்தாரா? இல்லை. 1957-ல் வெளியான 'மதர் இந்தியா'வில் பிர்ஜு வேஷத்துக்கு மெஹபூப் கான் அவரைத்தான் முதலில் எண்ணினார். ஆனால் அவர் அந்நியப் பிரஜை; இங்கே வேலை செய்ய அனுமதி கிட்டவில்லை. அந்த வேஷம் சுனில் தத்தைச் சேர்ந்தது. அங்கே அவர் என்றைக்கும் இந்தியப் பையன், இங்கேயோ அமெரிக்காக்காரர்! 1963 டிசம்பர் 2-ந் தேதி, முப்பத்தொன்பதாம் வயதில், மாரடைப்பால் காலமானார்.

நான் சொல்லி முடித்ததும் நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவங்க கொடுத்த அளவுக்கே தைத்துக்கொண்டிருந்தால் இப்படித்தானுங்க. ஆர்டர் நின்றால் நான் வேறு நூல் மாட்டிக்கொள்வேன். மனுஷன் எதை மாட்டிக்கொள்வான்?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தறியின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.