மாலைக்கு வராத காசு

திருவந்திபுரத்தில் முகூர்த்த நாளென்றால் தேவநாத சுவாமி கோயில் வாசலில் கால் வைக்க இடமிருக்காது. துளசி மாலை விற்கும் அம்மாவின் கூடையிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. நல்லதுதான், சில்லறைத் தகராறு குறைந்தது. ஆனால் நெரிசலில் சிக்னல் திணறி, வாங்கியவர் கணக்கில் பணம் கழிந்து, விற்றவருக்கு வந்து சேராவிட்டால்? மறுபடியும் கொடுப்பதா, மாலையைத் திருப்புவதா என்று இருவரும் தவிக்கிறார்கள். அப்படி நின்ற யுபிஐ பணம் 5 நாளுக்குள் திரும்ப வேண்டும், தாமதித்தால் வாடிக்கையாளருக்கு நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என ரிசர்வ் வங்கி 2019லேயே விதித்திருக்கிறது. எத்தனை பேருக்கு இது தெரியும்? வங்கிகள் தமிழில், அந்த அட்டையிலேயே அச்சிட்டுத் தரட்டும். அதுவரை ரொக்கம் கேட்கும் பூக்காரம்மாவிடம் முகம் சுளிக்காதீர்கள். அன்றைய பூவுக்கு அவர் அன்றைக்கே காசு கட்டியாக வேண்டும்.