தோணி ஒட்டுற கை கார் செய்யாதா?

எங்கட ஊர்ல ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி எழுதப் போறோம் என்று சொன்னால் முதல்ல வாற கேள்வி, "வேற வேலை இல்லையா மச்சான்?" என்பதுதான். கேள்வியில் நியாயம் இருக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் கதவு திறந்தது. இடையில் பழைய ஓல்டோ ஒன்றுக்குச் சொன்ன விலையைக் கேட்டு வாப்பாமார் கதிரையில் இருந்துவிட்டார்கள். இந்த லட்சணத்தில் இரண்டு சீட் மட்டும் உள்ள, கூரை இல்லாத கார் யாருக்கு?

நாங்கள் பேச வந்தது ஃபெராரியைப் பற்றி இல்ல. பாகம் பாகமாகப் பெட்டியில் வந்து, வாங்கினவரே தன் கராஜில் வைத்துப் பூட்டி எடுக்கிற, பாரம் குறைந்த சின்னக் கார்களைப் பற்றி. 'கிட் கார்' என்று சொல்லுவார்கள். அதின் வரலாற்றைப் பின்னுக்குத் தேடிக்கொண்டு போனால் நாம் போய் நிக்கிற இடம் பெரிய தொழிற்சாலை இல்ல, படகு கட்டுற பட்டறை. கல்முனைக் கரையில் வளர்ந்த ஆக்களுக்கு இது சும்மா விசயமா?

கலிஃபோர்னியாவில் பில் ட்ரிட் என்றொருவர் பைபரில் படகு செய்துகொண்டிருந்தார். கென் புரூக்ஸ் என்ற இராணுவ அதிகாரிக்கு தன் மனைவிக்கு ஒரு ஜீப்பைத் திருத்திக் கொடுக்கிற ஆசை. ட்ரிட், படகு செய்யிற அதே முறையில் அந்த ஜீப்பின் சட்டகத்துக்கு மேல் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உடலை வார்த்துக் கொடுத்தார். 1951இல் வெளியே வந்த அந்தக் கார்தான் 'கிளாஸ்பார் ஜி2'வுக்கு ஆரம்பம். பிறகு உடலை மட்டும் தனியாக விற்றார்கள். பழைய ஃபோர்ட் ஒன்றின் சட்டகமும் எஞ்சினும் கையில் இருந்தால் மிச்சத்தை வாங்கினவரே பார்த்துக்கொள்ளலாம். பெரிய கம்பனியான ஷெவ்ரொலே தன்னுடைய பைபர் கார் கோர்வெட்டைக் கொண்டுவந்தது 1953இல். முந்தினது படகுக்காரன்.

இங்கிலாந்திலும் இதே கதை நடந்தது. லோட்டஸ் கம்பனியின் கொலின் சாப்மன் 1957இல் 'எலீட்' காரைக் காட்டினார். தனிச் சட்டகமே கிடையாது, முழு உடம்பும் பைபர், எடை சுமார் 500 கிலோ. முதல் தொகுதி உடல்களை அவருக்கு ஒட்டிக் கொடுத்தது சசெக்ஸில் படகு கட்டிய மெக்ஸிமார் என்ற பட்டறை.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று எங்கட ஆக்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்ல. முதல்ல மரத்திலயோ பிளாஸ்டரிலயோ ஒரு உருவம். அதிலிருந்து அச்சு. அச்சுக்கு மெழுகு பூசித் தேய்க்கணும், இல்லாட்டி ஒட்டிக்கொண்டு கழராது. பிறகு ஜெல்கோட், அதுக்கு மேல பைபர் மேட், ஹார்ட்னர் கலந்த ரெசின், உள்ளே காற்றுக் குமிழி நிக்காமல் ரோலர். வெயில் கூடினால் ரெசின் கெதியா இறுகிடும், ஹார்ட்னரைக் குறைக்கணும். இந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்ல, கைக்குத் தெரியும். வடக்கில் காரைநகர் சீநோர் பட்டறை 1960களின் இறுதியில் நோர்வே உதவியோடு தொடங்கின காலத்திலிருந்து பைபர் வள்ளம் இந்த நாட்டுக்குப் பழக்கம். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரைக்கு வந்து இறங்கின பைபர் போட்டுகளுக்குக் கணக்கில்ல. அதுகள் உடைய உடைய ஒட்டி ஒட்டியே சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் எத்தனையோ பேர் தொழில் பழகினார்கள். ட்ரிட்டுக்கு இருந்த தொழில் இவர்களிடமும் இருக்கு.

சரி, தொழில் இருந்தால் மட்டும் கார் வந்திடுமா? இல்ல. ஒரு சங்கடமும் வேணும். கிட் கார்களில் பேர்போன லோட்டஸ் செவனை எடுத்துப் பாருங்க. 1957இல் வந்தது. இரும்புக் குழாய்ச் சட்டகம், அலுமினியத் தகடு, சின்ன ஃபோர்ட் எஞ்சின், அவ்வளவுதான். அந்த நேரம் பிரித்தானியாவில் முழுக் காருக்குக் கொள்வனவு வரி கடுமை, பாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்ல. ஆனால் பூட்டுற முறையை எழுதிக் கொடுத்தால் அது முழுக் கார் விற்ற கணக்காகிடும். அதனால லோட்டஸ் 'கழற்றுகிற முறை' என்று ஒரு தாளைக் கொடுத்தது, வாங்கினவர் அதைக் கடைசியிலிருந்து மேல்நோக்கி வாசிச்சுப் பூட்டினார் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். 1973இல் வற் வரி வந்ததும் இந்தச் சலுகை போச்சு. அதே வருசம் செவனைச் செய்யிற உரிமையை கேட்டர்ஹாம் எடுத்தது, இன்னும் செய்துகொண்டிருக்கு. வரிக்கு ஒளிச்சுப் பிறந்த வண்டி, வரி போன பிறகும் அரை நூற்றாண்டாக ஓடுது.

தமிழ் பேசுற ஊரில் இதுக்குக் கிட்டின உதாரணம் கோயம்புத்தூர். லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன் ரேஸ் ஓட்டுநர், தானே வண்டி கட்டுறவரும்கூட. வெளிநாட்டு ரேஸ் கார் இறக்குறது அந்த நாளைய இந்தியாவில் நினைச்சுப் பார்க்க முடியாத செலவு. அவர் கையில் கிடைச்சது மாருதி 800இன் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். அதை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். 'ஃபார்முலா மாருதி' என்று பேர். எஞ்சின் பெருசாக இல்லாட்டிப் பரவாயில்ல, எடையைப் பாதியாக்கினால் அதே எஞ்சின் இரண்டு மடங்கு இழுத்த மாதிரித்தான். கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் ரேஸ் பழகத் தொடங்கினது இந்த வண்டிகளில். 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 ஓடின முதல் இந்தியர் அவர். கரிவரதன் அதைப் பார்க்கவில்ல, 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். 2003இல் திறந்த கோவை ரேஸ் தளத்துக்கு 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று அவர் பேர். இப்ப 'ஃபார்முலா பாரத்' போட்டிக்காக பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டின கார்களை அங்கதான் கொண்டுபோய் ஓட்டுறார்கள்.

இந்த 796 சிசி எஞ்சின் எங்கட ஊருக்கும் புதுசில்ல. எத்தனை வீட்டு முற்றத்தில் தறப்பாள் மூடின பழைய மாருதி நிக்குது என்று நீங்களே எண்ணிப் பாருங்க.

தெருவில் ஓடுற காராகவும் இந்தியாவில் முயன்று பார்த்தார்கள். 1998இல் சான் மோட்டார்ஸ் கொண்டுவந்த 'சான் ஸ்டோர்ம்', பைபர் உடலும் ரெனோ எஞ்சினும். 'சின்காரா' ரோட்ஸ்டர், லோட்டஸ் செவனின் சாயலில் இசுசு 1.8 எஞ்சினோடு. இரண்டையும் தெருவில் கண்டவர்கள் குறைவு. இலங்கையில் கோட்ஜென் கம்பனி 2013இல் தொடங்கின 'வேகா' மின்சார சுப்பர் கார் 2020 ஜெனீவா கண்காட்சிக்குப் போக இருந்தது, கொரோனாவால் கண்காட்சியே நடக்கவில்ல. பெருமைப்படக்கூடிய வேலைதான். ஆனால் கார்பன் ஃபைபரில் செய்த, கோடீஸ்வரன் வாங்குகிற கார் அது. சாய்ந்தமருது பைபர் பட்டறைக்கு அதில் ஒரு வேலையும் இல்ல.

எங்கட வாதம் இங்கதான் வருது. கை இருக்கு, எஞ்சின் கிடக்கு, இறக்குமதிச் சங்கடத்தையும் ஐந்து வருசம் அனுபவித்தாச்சு. இவ்வளவும் இருந்தும் ஒரு வண்டிகூட பிறக்கவில்ல என்றால் அடைபட்டுக் கிடக்கிறது வழி. பிரித்தானியாவில் ஒருத்தன் தன் வளவில் கட்டின காரை அரச பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோகலாம். பிரேக், ஸ்டியரிங், லைட், புகை, சீட் பெல்ட் எல்லாம் பார்த்து, சரியென்றால் அனுமதி கொடுப்பார்கள். 1998இலிருந்து இதுக்கென்றே தனிப் பரிசோதனை இருக்கு. எங்கட மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டுச் சட்டம், ட்ரிட்டின் கார் வந்த அதே வருசம். ஒரு சின்னப் பட்டறைக்காரன் தான் கட்டின ஒற்றை வண்டியோடு நம்பிக்கையாப் போய்க் கதவு தட்டுற இடமாக அந்த முறை இன்னும் மாறவில்ல. வண்டியில் ஏதாவது செய்தாலே 'மொடிஃபை' என்று பிடிக்கிற பயம்தான் பொடியன்மாரிடம் இருக்கு.

பாதுகாப்பை யோசிக்காமல் இதைச் சொல்லவில்ல. பைபர் உடல் இடிபட்டால் நசுங்காது, உடைஞ்சு சிதறும். ஏ4 வீதியில் அக்கரைப்பற்றுக்கும் கல்முனைக்கும் இடையில் இரவில் பைக் முறுக்கிச் செத்த பொடியன்களின் ஜனாஸாவுக்குப் போகாத ஆள் எங்கட வயசில் இல்ல. 2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போட்டியில் கார் தடம் விலகி ஏழு பேர் இறந்ததையும் மறக்கவில்ல. அதனாலதான் நம்பர் பிளேட்டுக்கு முதல் மூடின தளம் என்று சொல்லுறோம், கரிவரதன் செய்த மாதிரி. வேகத்தில் ஆசைப்படுற பொடியனை வீதியிலிருந்து எடுக்கணும் என்றால் அவனுக்கு வேற ஒரு இடம் காட்டணும். உபதேசம் நிறையக் கொடுத்துப் பார்த்தாச்சு.

தொடங்குறதுக்குப் பெரிய காசும் தேவையில்ல. ஒலுவிலில் எங்கட பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் இருக்கு. சட்டகத்தின் கணக்கை அவர்கள் போடட்டும். பைபர் வேலைக்கு கரையில் இருக்கிற பாஸ்மாரைக் கூப்பிடணும், மாணவனுக்குச் செய்து காட்டுற விரிவுரையாளராக, அதுக்குரிய கூலியோடு. அடுத்த விமானத்தில் கட்டாருக்குப் போக இருக்கிற ஒரு வெல்டரையாவது அது ஆறு மாசம் ஊரில் நிப்பாட்டும். கலைப்பீடக்காரராகிய எங்களுக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. ஆனால் யார் எந்த வருசம் எந்த அச்சில் முதல் பைபர் தோணியை ஒட்டினார் என்று அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க எங்களால முடியும். அந்த வேலையை இந்த விடுமுறையில் தொடங்குறோம்.

ஓட்டிப் பார்க்க இடம் எங்க என்று கேட்பீர்கள். துறைமுக வாயில் மணல் மூடி, கப்பல் வராத ஒலுவில் துறைமுகத்துக்குள்ள நல்ல அகலமான வளவு ஒன்று கிடக்கு.