நின்ற சக்கரத்தைத் துடையுங்கள்

 

வெள்ளிக்கிழமைக் காலையில் நம் தெருக்களில் வழக்கமான ஒரு காட்சியைக் காணலாம். ஜும்ஆவுக்குக் குளித்து நறுமணம் பூசிச் செல்லவிருக்கும் இளைஞன், அதற்கு முன்னர்த் தன் மோட்டார் சைக்கிளைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பான். லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும், பெரம்பலூர், அரியலூர் நகரங்களின் பள்ளிவாசல் தெருக்களிலும் இதே காட்சிதான். தூய்மையை விரும்புவது நல்ல பண்பே. ஆயினும் அந்த வேலையின் நடுவே பலரும் செய்யும் ஒரு சிறு செயல், கண் இமைக்கும் நேரத்தில் கைவிரலைத் துண்டித்துவிடக் கூடியது என்பதை எத்தனை பெற்றோர் அறிவர்?

அச்செயல் இதுதான். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, கியரைப் போட்டுவிடுகின்றனர். பின் சக்கரம் தானே சுழல்கிறது. கையில் துணியை வைத்துக்கொண்டு ஓடும் செயினைப் பிடித்தால் அழுக்கு விரைவாக நீங்கிவிடும் என்பது எண்ணம். ஆனால் துணியின் ஒரு நூல் செயினில் சிக்கினால் போதும். செயின் துணியை இழுக்கும், துணி விரலை இழுக்கும். செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் இடையில் விரல் அகப்பட்ட பின்னர், கையை எடுக்க வேண்டும் என்று மனம் எண்ணி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. என்ஜினுக்குத் துணி எது, தசை எது என்று தெரியாது.

ஒரு விரல்தானே என்று எவரும் எண்ண வேண்டாம். மார்க்கச் சட்டத்தில் ஒருவரின் விரலைப் போக்கியவர் அதற்கு ஈடாகப் பத்து ஒட்டகங்கள் தரவேண்டும். முழு உயிருக்கான ஈட்டுத்தொகை நூறு ஒட்டகங்கள் எனும்போது, ஒரு விரல் அதில் பத்தில் ஒரு பங்காகும். அதிலும் கட்டைவிரலும் சுண்டுவிரலும் சமம் என்றே அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்துள்ளார்கள். இறைவன் அளித்த அமானிதத்தில் சிறியது என்று ஒன்றில்லை. அத்தகைய விரலை, பத்து நிமிட வேலையை ஐந்து நிமிடத்தில் முடிப்பதற்காக நாம் பணயம் வைக்கலாமா?

“அல்லாஹ் காப்பாற்றுவான்” என்று சிலர் சொல்வதுண்டு. காப்பவன் அவனே, ஐயமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்ட நினைத்தவரிடம், முதலில் கட்டிவிட்டுப் பிறகு பொறுப்புச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். நம் காலத்து ஒட்டகத்தைக் கட்டுவது என்பது, சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவதுதான்.

எனவே வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே விதியைக் கற்றுக்கொடுங்கள்: நிற்கும்போது துடைக்க வேண்டும், துடைக்கும்போது சுழற்றக் கூடாது. என்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, சமதளமான தரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரைப் பிடித்துக் கையால் ஒரு சாண் அளவு சுழற்றுங்கள், நிறுத்துங்கள், அந்தப் பகுதியைத் துடையுங்கள், மீண்டும் சுழற்றுங்கள். செயினைத் துடைக்கத் துணியை விட நீண்ட பிடியுள்ள தூரிகை நல்லது. கையால் சுழற்றும்போதுகூட, செயின் பல்சக்கரத்தில் ஏறும் இடத்தில் விரல் இருக்கக் கூடாது. நடு ஸ்டாண்டு இல்லாத வண்டியாயின், சைடு ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தின் ஒரு பகுதியைத் துடைத்துவிட்டு, வண்டியைச் சிறிது உருட்டி நிறுத்தி அடுத்த பகுதியைத் துடைக்கலாம்.

ஸ்கூட்டருக்குச் செயின் வெளியே இல்லையே என்று சகோதரிகள் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. என்ஜின் ஓடும் நிலையில், அருகில் விளையாடும் குழந்தை ஆக்ஸிலேட்டரைத் திருகினால் பின் சக்கரம் வேகமாகச் சுழலத் தொடங்கிவிடும்.

நம் பகுதியின் அழுக்கும் தனிவகையானது. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் உள்ளன. அரசு சிமெண்ட் ஆலை 1979-இல் உற்பத்தியைத் தொடங்கியது. லாரிகள் ஓடும் சாலைகளில் செல்லும் வண்டிகளின் சக்கரங்களில் தூசு அப்பிக்கொள்கிறது. அதை உலர்ந்த துணியால் தேய்த்தால் வண்ணப்பூச்சில் கீறல் விழும். முதலில் நிறைய ஈரப்படுத்தி ஊறவிட்டுக் கழுவ வேண்டும். சிமெண்ட் தூள் நீர் பட்டால் காரத்தன்மை கொள்வது. தோலையும் கண்ணையும் அரிக்கும். அதனால் கையுறை அணிவது நலம். இறுகிப்போன கறையை எடுக்கக் கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தைச் சிலர் பயன்படுத்துகின்றனர். அலாய் வீல் என்பது அலுமினியக் கலவை. அமிலம் அதை அரித்துவிடும். மேலும் அமிலத்துடன் பிளீச்சிங் பவுடர் கலந்தால் நச்சு வாயுவான குளோரின் வெளிப்படும். வண்டிக்கான ஷாம்புவும் நீரும் போதும்.

பெரம்பலூர்ப் பக்கத்தில் கரிசல் மண். ஐப்பசி, கார்த்திகை மழையில் அம்மண் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் பசைபோல் அடைத்துக்கொள்ளும். அறுவடைக் காலத்திலோ, தார்ச்சாலையில் காயவைத்த பயிர்களின் தட்டைகளும் கொடிகளும் சக்கர அச்சில் சுற்றிக்கொள்கின்றன. வழியில் இப்படி நேர்ந்தால், என்ஜினை ஓடவிட்டுக்கொண்டே இழுத்து எடுக்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஒரு குச்சியால் நிதானமாக நீக்குங்கள். நெடுந்தூரம் ஓடி வந்த வண்டியின் பிரேக் டிஸ்க்கும் சைலன்ஸரும் கொதிக்கும் சூட்டில் இருக்கும். ஆறிய பின்னரே கை வைக்க வேண்டும்.

அடுத்தது பிரேக். சக்கரம் பளபளக்க வேண்டுமென்று எண்ணெயோ பாலிஷோ பூசுபவர்கள் உள்ளனர். டிஸ்க்கில் சிறிது எண்ணெய் பட்டாலும் பிரேக் பிடிக்காது. டயரின் தரை தொடும் பகுதியில் பட்டால் திருப்பத்தில் வழுக்கிவிடும். செயினுக்கு எண்ணெய் இட்ட பின் மிகுதியைத் துடைத்துவிடுங்கள். இல்லையேல் ஓடும்போது டயரில் தெறிக்கும். அழுக்கைக் கரைக்கப் பெட்ரோலைப் பயன்படுத்துவது தீயை அழைப்பதாகும். பிரேக் கட்டை தேய்ந்த தூளை வாயால் ஊதக் கூடாது. அது நுரையீரலுக்குக் கேடு. பழைய வகைக் கட்டைகளில் கல்நார் கலந்திருந்தது. ஈரத்துணியால் துடைப்பதே முறை. கழுவி முடித்தவுடன் பிரேக் ஈரமாக இருக்கும். எனவே தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, பிரேக்கை இரண்டு மூன்று முறை மெல்ல அழுத்தி உலர்த்திய பின்னரே நெடுஞ்சாலையில் ஏறவேண்டும்.

சக்கரத்தைத் துடைக்கும் நேரம் அதைச் சோதிக்கும் நேரமுமாகும். டயரில் ஆணி குத்தியுள்ளதா, வெடிப்பு உள்ளதா, ஸ்போக்ஸ் கம்பி தளர்ந்துள்ளதா என்று பாருங்கள். முக்கியமாக, பின் சக்கரத்தின் பக்கத்திலுள்ள சேலைக் காப்பைப் பாருங்கள். பின்னால் அமர்பவரின் ஆடை சிக்காதவாறு, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பு இருக்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி. அழகுக்காகவும், கழுவுவதற்கு இடைஞ்சல் என்றும் இதைக் கழற்றி எறியும் இளைஞர்கள் உள்ளனர். அதே வண்டியில்தான் புர்கா அணிந்த தாயும், துப்பட்டி போர்த்திய பாட்டியும் அமர்ந்து மருத்துவமனைக்கும் திருமண வீட்டுக்கும் செல்கின்றனர். தொங்கும் துணியின் ஓரம் சக்கரத்தில் அகப்பட்டால் அவர்களின் நிலை என்னவாகும்? சகோதரிகளே! கழற்றிய காப்பைத் திரும்பப் பொருத்தும்வரை அந்த வண்டியில் ஏற மறுப்பது உங்கள் உரிமை.

நீரையும் எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய இரு கையளவான ஒரு முத்து நீரில் உளூச் செய்த நபியின் உம்மத்தினர் நாம். குழாயைத் திறந்துவிட்டுச் சக்கரத்தைக் கழுவுவது நமக்கு அழகல்ல. இரண்டு வாளி நீர் போதும். வண்டியை ஏரிக்குள் இறக்கிக் கழுவுவதோ, எண்ணெய் கலந்த நீரை ஊருக்கே பொதுவான நீரில் சேர்ப்பதாகும்.

இத்தனைக்குப் பின்னும் எங்கேனும் விரல் துண்டிக்கப்பட்டால் பதற வேண்டாம். காயத்தின்மேல் தூய துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்து, 108-ஐ அழையுங்கள். துண்டான விரலைத் தூய ஈரத்துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வையுங்கள். விரல்மீது பனிக்கட்டி நேரடியாகப் படக்கூடாது. சில மணி நேரத்துக்குள் சேர்த்தால் மீண்டும் பொருத்த வாய்ப்புண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கெனத் தனிப் பிரிவே உள்ளது.

வெளிநாட்டில் உழைக்கும் அத்தா அனுப்பிய பணத்தில் வாங்கிய வண்டி, நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளில் நிற்கிறது. அவர் தொலைபேசியில் வண்டியின் நலனை விசாரிக்கும்போது உண்மையில் விசாரிப்பது மகனின் நலனையே. மகன் அதைப் புரிந்துகொண்டால், வண்டியைத் துடைக்க அமரும் முன் சாவியைக் கழற்றித் தாயின் கையில் கொடுத்துவிடுவான்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் கைகளையும் கால்களையும் காத்தருள்வானாக! நிதானத்தை நமக்கு அணிகலனாக்குவானாக! ஆமீன்.