நீருண்ணும் பசை நம் மண்ணுக்கு வேண்டுமா?

சப்ஜா விதையை நீரில் இட்டால் சிறிது நேரத்தில் கொழகொழவென்று உப்பிவிடுவதைத் தோழியர் யாவரும் அறிவர். அத்தன்மையைப் பன்மடங்கு பெருக்கிச் செய்த பொருளே ஹைட்ரோஜெல் எனும் நீருண்ணும் பசை. 1970களில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் பியோரியா ஆய்வுக்கூடத்தில் மக்காச்சோள மாவுச்சத்தைக் கொண்டு ஒரு வகையைச் செய்தனர். நம் நாட்டில் புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், தாவர நாரிலுள்ள செல்லுலோஸை முதலாகக் கொண்டு 'பூசா ஹைட்ரோஜெல்'லை உருவாக்கியது. தன் எடையைப்போல் 350 மடங்கு தூய நீரை அது ஏற்கும். ஏக்கருக்கு ஒன்றிரண்டு கிலோ போதுமாம். வேரருகே இட்டால், மண் காயக்காயச் சிறிது சிறிதாக நீரை விட்டுக்கொடுக்கும். மழை பெய்தால் மீண்டும் உப்பும்.

இனி வறட்சிக் கவலையே இல்லை என்று மகிழ்வோர் உண்டு. நான் உடன்பட மாட்டேன். பசை நீரைக் காக்குமேயன்றி உண்டாக்காது. நம் நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்றுநீர் பேரழுத்தத்துடன் நிற்கிறது. இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தளத்தையே பிளந்துகொண்டு மேலே வரும். ஆகவே 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்ட காலந்தொட்டு இராப்பகலாக இறைத்து வருகிறார்கள். சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த இழப்பை ஒரு பொட்டலம் பசை ஈடுசெய்யுமா?

மேலும், உப்புக் கலந்த கிணற்றுநீரில் பசையின் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் முந்திரித் தோப்புகளுக்குத் தொழுவுரமும் ஏரி வண்டலும் மக்கிய தென்னைநார்க் கழிவுமே முதலில் வேண்டும். அவை ஈரத்தையும் தாங்கும், மண்ணுக்கு உணவும் ஆகும். பசை உணவன்று.

ஆனால் ஓரிடத்தில் அதை இட்டே தீரவேண்டும் என்பேன். சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண்மேடுகளைத்தான் சொல்கிறேன். அது ஆழத்து மண். மக்கு என்பதே அதில் கிடையாது. பெய்த மழை சரிவில் ஓடிவிடும். ஐப்பசி மழையில் நட்ட கன்று சித்திரைக் கத்திரி வெயிலைத் தாண்டினால்தான் பிழைக்கும். அந்த ஆறேழு மாதத்துக்குத்தான் பசை! குழியில் தொழுவுரத்தோடு கலந்து இடலாம். எளிதில் மக்காத அக்ரிலமைடு வகை வேண்டாம். செல்லுலோஸ் வகையே போதும். செலவைச் சுரங்கம் வெட்டியவர்கள் ஏற்கட்டும், உழவர் தலையில் வைக்க வேண்டாம்.

ஒரே மேட்டில் நூறு கன்றுகளைப் பசையுடனும் நூறு கன்றுகளைப் பசையின்றியும் நட்டு, இரண்டு கோடை கழித்துப் பிழைத்தவற்றை எண்ணிப் பார்க்கலாம். எண்ணுவதற்கு மாணவியர் நாங்கள் வருகிறோம்.