சாவி யார்கிட்ட இருக்கு?

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவருடன் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டவர். நடமாட்டம் எல்லாம் சக்கர நாற்காலியில்தான். பகல் ஒரு மணிக்கு, ‘டாய்லெட் போகணும்’ என்றார். மாற்றுத்திறனாளிகள் கழிப்பறை இருந்தது. கதவில் சக்கர நாற்காலி படம் பளிச்சென்று இருந்தது. கூடவே ஒரு பூட்டும். சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார். வந்து திறந்தால், உள்ளே பழைய ஃபைல் மூட்டைகள்!

‘கொஞ்ச நேரம் அடக்கிக்கச் சொல்லுங்க சார்.’

அடக்குவதா? தண்டுவடம் அடிபட்டவருக்கு, சிறுநீர்ப்பை நிறைந்த செய்தி மூளைக்குப் போகாது. காலி செய்யும் உத்தரவும் கீழே வராது. தேங்கும் சிறுநீரில் கிருமி பெருகும். பையின் அழுத்தம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரு காலத்தில் இவர்களில் ஏராளமானவர்களைக் கொன்றது முதுகில் பட்ட அடியல்ல, கெட்டுப்போன சிறுநீரகம்தான்.

தீர்வு ரொம்ப எளிமையானது. நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, மெல்லிய டியூப் ஒன்றை அவரே சிறுநீர்ப் பாதையில் செலுத்தி, பையைக் காலி செய்துவிட்டு எடுத்துவிட வேண்டும். இதற்கு ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவிய கையும் சுத்தமான டியூபும் போதும் என்று 1972-ல் எழுதினார், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர் ஜாக் லாப்பிடஸ். பை அளவுக்கு மீறி நிறையாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம் என்றார். இன்று உலகமே அதைப் பின்பற்றுகிறது.

நமக்கும் இது புதிதல்ல. விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால், வேலூரில் 1966-லேயே மறுவாழ்வு மையம் வந்துவிட்டது.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஒரு நாளைக்கு ஐந்து தடவை என்றால் வருடத்துக்கு 1,825 தடவை. ஒவ்வொரு தடவையும் தேவைப்படுவது டியூப், சோப்பு, தண்ணீர், தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு. இது கிடைக்காமல் சிறுநீரகம் போனால் டயாலிசிஸ். அதற்கு 2016-ல் தேசியத் திட்டமே அறிவித்தார்கள். நல்லது. ஆனால், கிட்னி கெட்ட பிறகு செலவழிக்கத் தயாராக இருக்கும் அரசு, கெடாமல் காக்கும் கதவைப் பூட்டி வைப்பதை எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்?

பொதுக் கட்டடங்கள் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்று 2016-ம் வருடச் சட்டம் சொல்கிறது. சட்டத்தில் இடம் இருக்கிறது. கழிப்பறையில்தான் இடமில்லை, அங்கே ஃபைல்கள் குடியிருக்கின்றன.

நான் கேட்பது மூன்று விஷயம். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் டியூபும், அதைப் போடக் கற்றுத்தரும் நர்சும் இருக்க வேண்டும். அலுவலகம், பள்ளி, பஸ் நிலையம் எதிலும் இந்தக் கழிப்பறைக்குப் பூட்டு கூடாது. மீறிப் பூட்டினால் அந்த அலுவலகத் தலைவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு நண்பர் என்ன செய்தார் தெரியுமா? ஆட்டோவுக்குள், என் துண்டைத் திரையாகப் பிடிக்கச் சொல்லி வேலையை முடித்தார். டீக்கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரில் கை கழுவினார். மிச்சத் தண்ணீரைக் குடிக்கச் சொன்னேன். ‘வேணாம் சார், வெளியில கிளம்பினா நான் தண்ணியே குடிக்கறதில்ல’ என்றார். கிருமி வராமல் இருக்கத் தண்ணீர் குடிக்க வேண்டியவர், கதவுக்குப் பயந்து தாகத்தோடு இருக்கிறார்.

சக்கர நாற்காலி வழங்கும் விழாக்களில் போட்டோவுக்கு நிற்கும் பெரிய மனிதர்களே, நாற்காலி கொடுத்துவிட்டீர்கள். சந்தோஷம். சாவி யார்கிட்ட இருக்கு?