மாம்பழம் மட்டும்தான் ஓவியமா?

கொஞ்சம் நீளமான பதிவு. படித்துவிட்டுக் கோபம் வந்தால் கீழே திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

போன வாரம் எங்கள் சேதராப்பட்டில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பதாவது படிக்கும் பெண், தன் ஆயா இறந்ததை வரைந்து சுவரில் ஒட்டியிருந்தாள். திறந்த வாய், நெற்றியில் ஒத்த ரூபாய், சுற்றிலும் கறுப்பு. அவள் அம்மா அதைக் கழற்றி பீரோ மேல் போட்டார். "விளக்கு வைக்கிற வீட்டுல இத மாட்டுவாங்களா சார்? ஒரு புள்ளையார வரையச் சொல்லுங்க." பக்கத்திலிருந்த பெரியவர், "பொம்பளப் புள்ளைக்கு அடக்கம் வேணும்" என்றார். நான் காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அன்று பேசாததை இங்கே பேசுகிறேன்.

அடக்கம் என்றதும் வள்ளுவரைத் துணைக்கு இழுப்போம். 13ஆம் அதிகாரம் அடக்கமுடைமை, சரி. அதே வள்ளுவர் 114ஆம் அதிகாரத்துக்கு வைத்த பெயர் நாணுத்துறவுரைத்தல். வெட்கத்தை விட்டு மனத்தில் இருப்பதைச் சொல்வது. தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளில் அழுகையும் உண்டு, வெகுளியும் உண்டு. நம் பாட்டிமார் தெருவே கேட்க மாரடித்து ஒப்பாரி வைத்தவர்கள். ஒப்பாரியில் அழலாம், தாளில் அழக் கூடாதா?

கோபம் வந்தும் கையை ஓங்காதது அடக்கம். கோபமே வராத மாதிரி பிள்ளையை நடிக்க வைப்பது அமுக்கம். நாம் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதன் பெயரை வைக்கிறோம்.

சென்னை ஓவியர் கே. ராமானுஜத்தை எத்தனை பேருக்குத் தெரியும்? திக்குவாய், மனநோய். ஊர் சிரித்தது. 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் அவருக்கு ஆதரவாக நின்றார். வாயால் சொல்ல முடியாததை அந்த மனிதர் மையால் சொன்னார். கனவு மாளிகைகள், விசித்திர மிருகங்கள், நடுவில் தொப்பி போட்டுக்கொண்டு அவரே. 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே தன் உயிரை முடித்துக்கொண்டார். "பார்த்தீர்களா, ஓவியம் காப்பாற்றவில்லையே" என்பீர்கள். ஓவியம் மருந்து என்று நான் சொல்லவில்லை. நோய்க்கு மருத்துவர் வேண்டும். ஆனால் அவருக்குள் என்ன இருந்தது என்று இன்று நமக்குத் தெரிவதே அந்தப் படங்களால்தான்.

இன்னொருவர் ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ். ஹிட்லரின் தெரசின் முகாமில் அடைபட்ட யூதக் குழந்தைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்தவர். 1944இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். அதற்கு முன் குழந்தைகளின் சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் ஒளித்து வைத்திருந்தார். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. படங்கள் பிழைத்தன. அந்த அம்மா ஆசிரியர். நானும் ஆசிரியன்தான். நான் செய்ததைக் கேளுங்கள்.

1986 வாக்கில் என் வகுப்பில் ஒரு பையன். அப்பா இறந்து பதினைந்து நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தான். ஓவிய வகுப்பில் தாள் முழுவதும் கறுப்பைத் தேய்த்து வைத்திருந்தான். நான் சிவப்பு மையில் 'தாளை வீணாக்காதே' என்று எழுதி, மாம்பழம் வரையச் சொன்னேன். ஆசிரியர் பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது பானையும் மாம்பழமும்தான். பையன் வரைந்தான். அழகான மாம்பழம். 'நன்று' போட்டேன். அதன் பிறகு அவன் என்னிடம் எதையும் காட்டியதில்லை. இன்றைக்கும் அந்த மாம்பழம் என் தொண்டையில் நிற்கிறது.

ஆசிரியர்களே, ஓவிய வகுப்பைக் கணக்குக்குக் கடன் வாங்காதீர்கள். பெற்றோரே, பிள்ளை கறுப்பாக வரைந்தால் "என்ன கருமம் இது" என்று கேட்காமல், "இதைப் பற்றிச் சொல்லு" என்று பக்கத்தில் உட்காருங்கள். தொடர்ந்து அப்படியே வரைந்தால் இன்னும் கவனியுங்கள், தேவைப்பட்டால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். படத்தை ஒளித்துவிட்டால் துக்கம் போய்விடாது, உங்கள் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்கு மறுபடியும் போகிறேன். பீரோ மேல் கிடக்கும் படத்தை அந்தப் பெண்ணிடம் கேட்கப் போகிறேன். கொடுத்தால் என் வீட்டுக் கூடத்தில் மாட்டுவேன். எங்கள் வீட்டிலும் விளக்கு வைக்கிறோம்.